'போல' என்னும் உருபும் கட்டுப்பல்லின் பிடிப்பும்

தமிழ் பயிலும் மாணாக்கர் இருவர் கூடினாற் சொல்லைப் பற்றிப் பேசுவர்; பல்லைப் பற்றிப் பேசார். ஆயினும் சொல் பிறக்கும் இடங்களுள் பல்லும் ஒன்று என்பதைப் பிறப்பியல் கற்றவர் எவரும் மறவார். நெஞ்சு, மிடறு, தலை, மூக்கு, அண்ணம், நா, இதழ் என்பவற்றோடு பல்லையும் சேர்த்து எட்டிடங்களைத் தொல்காப்பியனார் கூறியுள்ளார். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைச் சார்ந்து ஒற்றத் தகரமும் நகரமும் பிறக்கும் என்பதையும், மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கும் என்பதையும் முதலாண்டு வகுப்பிலேயே நெட்டுருப் பண்ணினோம். எனினும் அவ்விலக்கணத்தின் உண்மையை யாம் வகுப்பறையில் உணர்ந்தோமில்லை. எம் பாட்டனார் வாயிலாகவே உணர்ந்தோம். அவர் வாயிலாக என்பதை ஈண்டு நேர்ப்பொருளிலேயே கொள்க.

பாட்டனார் மறைமலைநகரில் வாழ்பவர். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் திருமறைப் பாடம் வாசிக்கும் பணியை நெடுங்காலமாகச் செய்து வந்தவர். எழுபது கடந்தபின் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தொழிய, மேலும் கீழும் பல் கட்டிக்கொண்டார். மேல்வாய்க் கட்டுப்பல் அண்ணத்தை முழுதும் கவிந்து, எச்சிலின் ஒட்டுதலாலும் காற்றின் அழுத்தத்தாலும் நின்றுவிடுகிறது. கீழ்வாய்க்கு அத்துணை இடமில்லை. குதிரை லாடம் போன்ற ஒரு வரம்பின்மேல் அது தங்கவேண்டும். அவ்வரம்பும் பல் போனபின் ஆண்டுக்காண்டு கரைந்து தாழ்கிறது. போதாக்குறைக்கு நடுவிலே நா ஓயாது அசைகிறது. ஆகலின் கீழ்க்கட்டுப்பல் அலைமேல் ஓடம்போல மிதந்தது. அதனை அமுக்கிப் பிடிக்கும் வேலையை அவருடைய நா தானே மேற்கொண்டது. தகரத்தை எழுப்ப மேற்பல்லடிக்குச் செல்லவேண்டிய நா கீழே காவலிருந்தது. 'கர்த்தர்' என்னும் சொல்லும் 'தந்தை' என்னும் சொல்லும் குழைந்து வெளிப்பட்டன. ஒரு ஞாயிறன்று அவர் பாடத்தைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து அமர்ந்தார். அதன்பின் பல மாதங்கள் வாசகமேடைப் பக்கம் செல்லவில்லை. மாணவர்க்கு நாவைப் பழக்கியே வாழ்நாளைக் கழித்த ஒருவர்க்கு இஃது எத்தகைய துன்பமென்று யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையில் உள்ளோர்க்கு இன்று ஒரு வழியுண்டு. கீழ்த்தாடை எலும்பில், முன்புறத்தே, டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான இரண்டு திருகாணிகளை நட்டு, அவற்றின் தலையில் கட்டுப்பல்லைப் பொருத்துவதே அது. இவ்வாணியைப் பல் மருத்துவர் இம்ப்ளாண்ட் என்பர். (தனித்தமிழுக்கு உழைத்த மறைமலையடிகள் பெயர் பூண்ட ஊரில் இருந்துகொண்டு இச்சொல்லை வழங்குகின்றமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. மருத்துவமனை வாயிலில் வேறு சொற்கூறி வழி கேட்டால் எவரும் காட்டார்.) டைட்டேனியத்தோடு எலும்பு இடைவெளியின்றி இணைந்து வளர்வதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1952இல் முயல்களை வைத்து நடத்திய ஆய்வில் கண்டார், 1965இல் முதன்முறையாக ஒருவர்க்குப் பல்லாணி நட்டார். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய வல்லுநர், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இரண்டு ஆணிகளால் தாங்கப்படும் கட்டுப்பல்லே முதலிற் கருதத்தக்க சிகிச்சை என்று முடிவு கூறினர்.

ஆணி எலும்புக்குள் மறைந்து நிற்பது. கட்டுப்பல்லோ இரவில் கழற்றிக் கழுவி வைக்கப்படுவது. இவ்விரண்டையும் இணைத்து, வேண்டும்போது விட்டும், வேண்டாதபோது விடாமலும் நிற்கின்ற சிற்றுறுப்பொன்று இடையிலே வேண்டும். அதுவே இக்கட்டுரையின் பொருள். சிறுமியர் சட்டையிலுள்ள பிரஸ் பட்டனை நினைத்துக்கொண்டால் அதன் இயல்பு விளங்கும். சிலவற்றில் ஆணியின் தலை உருண்டையாயிருக்கும். சிலவற்றில் ஆணிகள் இரண்டையும் ஒரு கம்பி பிணைக்கும். வேறு சிலவற்றில் தலை குட்டையாக, உள்ளே குழியுடையதாக இருக்கும். கடைசியிற் கூறிய வகையிற் பெயர் பெற்றது அமெரிக்கக் கலிபோர்னியாவிலுள்ள ஜெஸ்ட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட லொக்கேட்டர். கட்டுப்பல்லின் அடிப்புறத்தில் உலோகக் குப்பியொன்று பதிந்திருக்கும். அதனுள் நைலான் வளையம் அமர்ந்திருக்கும். அவ்வளையம் ஆணித்தலையைக் கவ்வும். கவ்வும் வலிக்கேற்ப வளையத்திற்கு நிறம் வகுத்துள்ளனர். நீலம் ஒன்றரை இராத்தல், இளஞ்சிவப்பு மூன்று இராத்தல், நிறமற்றது ஐந்து இராத்தல் இழுப்புக்கு நிற்கும். ஆணி நேர்நின்ற நிலையிலிருந்து 10 பாகை வரை சாய்ந்திருப்பினும் இவை பொருந்தும். அதற்கு மேல் 20 பாகை வரை சாய்வுக்கு வேறு வளையங்கள் உள. ஒரு நாளைக்கு மூன்று முறை கழற்றி மாட்டுவோமாயின் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை உராய்வு நேரும். ஆதலின் நைலான் தேய்வது குற்றமன்று. தேய்ந்தபோது மாற்றுவதற்கென்றே அதனை மெல்லிய பொருளாற் செய்தனர்.

பாட்டனார்க்கு இரண்டு ஆணிகள் நடப்பட்டன. எலும்பு பிடித்தபின் கட்டுப்பல்லைப் பொருத்திய நாளன்று வீட்டிலுள்ளார் அனைவரும் அவரைச் சூழ்ந்திருந்தோம். அவர் சொல்லிய முதற்சொல் 'தத்தை' என்பது. ஏன் அச்சொல் என்று வினவினோம். 'தகரம் மூன்றுண்டு, ஒன்று தவறினாலும் தெரிந்துவிடும்' என்றார். அடுத்த ஞாயிறே மேடையேறினார்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சென்றபின் பிடிப்பு தளர்ந்தது. வளையம் மாற்றவேண்டிய காலம் அது. அப்போது அவர் வேறோர் ஊரில் எம் அத்தை வீட்டில் தங்கியிருந்தார். அங்குள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். எந்த ஊர், எந்த மருத்துவமனை, எவர் செய்த வளையம் என்பவற்றை எழுதுவது முறையன்று. பழைய வளையம் இளஞ்சிவப்பு, புதியதும் இளஞ்சிவப்பு. வேறு கம்பெனியது. 'இதுவும் அதுபோலத்தான் ஐயா' என்று கூறி மாட்டியனுப்பினர். கட்டுப்பல் முன்னினும் இறுகப் பிடித்தது, பாட்டனார் மகிழ்ந்தார். ஆனாற் கழற்றுவதற்கு இரு கட்டைவிரல்களும் வலிக்க வேண்டியதாயிற்று. சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் ஆடத் தொடங்கியது. பின்னர்ப் பரிசோதித்தபோது வளையம் குப்பிக்குள் சரியே அமராமற் சாய்ந்திருந்ததும், அதனால் ஆணித்தலையின் விளிம்பு ஒருபுறம் தேய்ந்திருந்ததும் புலப்பட்டன. எலும்பிலிருந்த ஆணிக்கு ஊறில்லை. ஆணித்தலை மட்டும் மாற்றப்பட்டது. வளையத்திற்கு ஆகும் செலவினும் அதற்கான செலவு பன்மடங்கு. அச்செலவினும் பாட்டனார் வாசகமேடையை மீண்டும் இழந்திருந்த வாரங்களே எமக்குப் பெரிதாகத் தோன்றின.

'அதுபோலத்தான்' என்ற சொல் எம் உள்ளத்தில் தைத்துக்கொண்டது. போல என்பது உவம உருபு. எது எதனைப் போன்றது என்று சொல்லும் உரிமை யாருக்குண்டு? எந்த வகையிற் போன்றது என்று கேட்பார் உளரா? இவ்வினாக்களோடு யாம் சட்டநூல்களைத் தேடிப் புகுந்தோம். புகுந்த இடத்தில் எமக்கு முன்பே உவமவியல் வந்து அமர்ந்திருக்கக் கண்டு வியந்தோம்.

அமெரிக்க நாட்டில் மருத்துவக் கருவிகளைப் பற்றிய சட்டத்திருத்தம் 1976 மே 28இல் இயற்றப்பட்டது. அதன்படி, இடைத்தரமான அபாயமுள்ள கருவியைப் புதிதாக விற்க விரும்புவோர் பெரும்பாலும் 510(கே) என்னும் பிரிவின்கீழ் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும். அவ்வறிவிப்பின் உயிர்நிலை ஓர் உவமை. சந்தையிற் சட்டப்படி முன்பே உள்ள ஒரு கருவியை எடுத்துக்காட்டி, 'எம்முடையது சாரத்தில் இதனை ஒத்தது' என்று நாட்ட வேண்டும். கருதிய பயன் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தொழில்நுட்ப இயல்புகளும் ஒன்றாயிருத்தல் வேண்டும். வேறாயின், அவ்வேறுபாடு காப்பைப் பற்றியும் பயனைப் பற்றியும் புதுவகை வினாக்களை எழுப்பாததென்றும், புதியது பழையதற்குக் குறையாததென்றும் சோதனைகளால் விளக்குதல் வேண்டும். பல்லாணியும் அதன் மேலுறுப்பும் முன்னர் அபாயம் மிக்க மூன்றாம் வகுப்பில் இருந்தன. வேர்வடிவ ஆணிகளையும் அவற்றின் மேலுறுப்புக்களையும் 2004 மே 12இல் இரண்டாம் வகுப்புக்கு இறக்கினர். அதனால் கட்டுப்பல்லைப் பிடிக்கும் மேலுறுப்புக்கள் இந்த உவமை வழியிலேயே சந்தைக்கு வருகின்றன.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் சுவையுடையது. 1940ஆம் ஆண்டின் மருந்து அழகுப்பொருட் சட்டத்தின் கீழ் மருத்துவக் கருவி விதிகள் 2017இல் வகுக்கப்பட்டு, 2018 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 பெப்ருவரி 11இல் வெளியான அறிவிக்கை மருத்துவக் கருவிகள் அனைத்தையும் அவ்வாண்டு ஏப்பிரல் முதல் 'மருந்து' என்ற சொல்லுக்குள் அடக்கியது. இரும்புக்கு ஒப்பான திருகாணியும் நைலான் வளையமும் சட்டத்தின் கண்ணில் மருந்தே! பெயர்ச்சொல் இவ்வளவு விரிந்த பொருள்கொள்வதை எம் இலக்கண ஆசிரியரிடம் கூறியபோது அவர் ஆகுபெயரின் எவ்வகையில் இதனை அடக்குவது என்று நெடுநேரம் சிந்தித்தார். கருவிகள் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாம். ஏ மிகச் சிறிய அபாயமுடையது. டி மிகப் பெரியது. உடலுள் நட்டு நெடுங்காலம் தங்குபவற்றைப் பொதுவிதி சி வகுப்பில் வைக்கிறது. பல்லுக்குள் வைக்கப்படுபவற்றுக்கு பி வகுப்பு. சி, டி வகுப்புக் கருவிகளைச் செய்வதற்கு மத்திய அதிகாரியிடம் உரிமம் பெறவேண்டும். ஏ, பி வகுப்புக் கருவிகளைச் செய்வதற்கு மாநில அதிகாரியிடம். வெளிநாட்டிலிருந்து எவ்வகுப்புக் கருவியை இறக்குவதாயினும் மத்திய அதிகாரியே உரிமம் தருவார். ஏ, பி வகுப்புக்களுக்கு 2022 அக்டோபர் முதலும், சி, டி வகுப்புக்களுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமாயிற்று.

இவ்விதிகளுள்ளும் உவமை உண்டு. நாட்டில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற அவ்வகைக் கருவியை முன்னோடிக் கருவியாகக் கொள்கின்றனர். புதிதாக வருவது கருதிய பயனிலும், செய்பொருளிலும், அமைப்பியல்பிலும் அதனை ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திருப்பின் வழி எளிது. ஒத்தது ஒன்றும் இல்லையாயின் மக்களிடத்துச் செய்த ஆய்வின் முடிவுகளைக் காட்டித் தனி அனுமதி பெறவேண்டும். இனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றில் தடையின்றி விற்கப்படுகிறது என்னும் சான்றிதழ் இருப்பின், அவ்வாய்வின்றியே இறக்குமதி உரிமம் தரப்படும். எனவே அங்கே ஏற்கப்பட்ட 'போல' இங்கும் கப்பலேறி வந்துவிடுகிறது.

இவ்விடத்து உவமவியலைத் திறந்து பார்த்தோம். ஒரு பொருள் மற்றொன்றை வினையாலும், பயனாலும், மெய்யாலும், உருவாலும் ஒக்கும் என நால்வகை கூறப்பட்டுள்ளது. மெய்யாவது வடிவு; உருவாவது நிறம் என்பர் உரைகாரர். சட்டம் கேட்கும் 'கருதிய பயன்' நம்முடைய பயனே. கவ்வுதலும் விடுத்தலும் வினை. அளவும் அமைப்பும் மெய். பொருளின் ஆக்கம் என்னும் ஐந்தாவது ஒன்றைச் சட்டம் கூட்டிக்கொண்டது. கவிஞர்க்கு அது வேண்டுவதில்லை. முகத்தை மதியோடு ஒப்பிடுவோன் மதி எதனால் ஆயது என்று ஆராயான். எஞ்சி நிற்பது உரு. பாட்டனார் வாயில் இட்ட வளையம் பழையதனோடு முற்றும் ஒத்தது உருவொன்றிலேதான். அதன்பின் யாம் கண்டது எம்மைத் திடுக்கிடச் செய்தது. முப்பத்தாறு உவம உருபுகளைக் கூறி, பின்னர் இன்ன உருபு இன்ன வகைக்குச் சிறந்தது எனத் தொல்காப்பியனார் பகுத்துக் காட்டுமிடத்து, 'போல' என்பதனை உருவுவமத்துக்குரிய எட்டனுள் முதலாவதாக வைத்திருக்கின்றார். அம்மருத்துவமனையார் அறியாமலே இலக்கணம் பிழையாது பேசியிருக்கின்றனர்!

மெய்யொப்பினை எவ்வாறு அளப்பது? மறைமலைநகர் 1980இல் சென்னைக்குத் துணைநகரமாக எழுந்த ஊர்; மோட்டார் வண்டி உறுப்புக்களைச் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்தது; ஃபோர்டு கம்பெனியின் கார் ஆலையும் 2022 வரை இங்கே கார்களைச் செய்து வந்தது. இங்குள்ள ஓர் உறுப்புத் தொழிற்சாலையில் எம் சிற்றப்பா தரம் பார்க்கும் வேலையில் உள்ளார். அவர் கையில் இருமுனைக் கேஜ் ஒன்று இருக்கும். உறுப்பின் துளையில் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக்கூடாது. இரண்டும் நுழைந்தாலும், இரண்டும் நுழையாவிட்டாலும் உறுப்பு குப்பைக்குப் போகும். 'கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கேஜுக்குத்தான் தெரியும்' என்பார். பல்லுறுப்பிலும் இதுவே நெறி. பிறர் செய்த ஆணிக்குத் தம் மேலுறுப்பு பொருந்துமென்று கூறும் கம்பெனிகள், அப்பிறருடைய ஆணியையும், மேலுறுப்பையும், இடைத்திருகையும் பல எண்ணிக்கையில் வாங்கி அளந்து, உச்ச அளவு, தாழ்ந்த அளவு, தம்முடைய அளவு மூன்றையும் ஒத்திட்டுக் காட்டவேண்டுமென அமெரிக்க அதிகாரிகள் எதிர்பார்க்கின்றனர். எந்தக் கம்பெனியின் எந்த விட்ட அளவுள்ள ஆணிக்குப் பொருந்தும் என்பதை விண்ணப்பத்தில் ஒவ்வொன்றாகக் குறிக்கவும் வேண்டும். குறியாத ஆணிக்கு அந்த ஒப்புதல் செல்லாது.

வலிமைச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 14801 என்னும் உலகப் பொதுமுறை உண்டு. எலும்பு 3 மில்லிமீட்டர் கரைந்துவிட்டதாகக் கொண்டு ஆணியின் கழுத்தை அந்த அளவு வெளியே நிறுத்தி, 30 பாகை சாய்த்து, மேலிருந்து மீண்டும் மீண்டும் அழுத்துவர். உலர்ந்த நிலையில் 50 இலட்சம் முறை. உப்புநீரிலாயின் 20 இலட்சம் முறை. உலர்நிலையில் நொடிக்கு 15 அழுத்தத்துக்கு மேற்படலாகாது, உப்புநீரில் 2. யாம் கணக்கிட்டுப் பார்த்தோம். உலர்ந்ததற்கு இரவு பகல் ஓயாமல் ஏறக்குறைய நான்கு நாளும், நனைந்ததற்குப் பதினொன்றரை நாளும் பிடிக்கும். நல்ல நிலையை வைத்துச் சோதியாமல் எலும்பு கரைந்த கெட்ட நிலையை வைத்துச் சோதிக்கும் முறை எமக்கு மிகவும் உகந்தது. இவையன்றி, உறுப்பின் பொருள் உடலின் உயிரணுக்களைக் கொல்லுமோ என்பதை ஐ.எஸ்.ஓ. 10993 வரிசைப்படியும், நீராவியால் தூய்மை செய்யும் முறை உண்மையில் கிருமியைப் போக்குமோ என்பதைத் தனியாகவும் சோதிப்பர். காந்தப் படப்பிடிப்பு எந்திரத்துள் சென்றால் என்னாகும் என்பதையும் இப்போது கேட்கின்றனர்.

இத்துணையும் செய்தபின்னரும் இம்முறையில் இரண்டு குறைகள் எமக்குத் தோன்றுகின்றன. உவமையாக எடுக்கப்படுவது உயர்ந்ததாதல் வேண்டும் என்பது உவமவியலின் துணிபு. புலியை உவமிப்பரேயன்றிப் பூனையை உவமியார். சட்டத்துக்கோ உயர்ந்தது வேண்டுவதில்லை. முன்பே சந்தையிற் சட்டப்படி இருந்தது எதுவாயினும் போதும். பழையது சிறிது குறையுடையதாயின், அதனை ஒத்ததும் அக்குறையோடே வரும். மற்றொன்று, உவமைக்கு உவமை அடுக்குதல். முதலதைப் போன்றது இரண்டாவது. இரண்டாவதைப் போன்றது மூன்றாவது. இப்படிப் பத்துப் படி இறங்கினால் பத்தாவதை முதலதனோடு நேர்நிறுத்திப் பார்ப்பார் யார்? இதனை அடுத்துவரலுவமை எனப் பெயரிட்டு நம் உரையாசிரியர் விலக்கினர். அமெரிக்காவிலும் மருத்துவ அறிஞர் குழுவொன்று, 510(கே) வழி ஒப்பினை அறிதற்கென வகுத்ததேயன்றிக் காப்பையும் பயனையும் அறிதற்கென வகுத்ததன்று. இதனினும் தக்க வழி வேண்டும் என 2011இல் அறிக்கையிட்டது. அதனாலேயே அந்நாட்டார் இவ்வழியில் வந்த கருவியை 'அங்கீகரிக்கப்பட்டது' என்னாமல், 'தடை நீக்கப்பட்டது' என்னும் தாழ்ந்த சொல்லால் வழங்குகின்றனர். விளம்பரம் எழுதுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுவர்.

ஆயின் இவ்வழியை முற்றும் ஒழித்துவிடலாமோ எனில், யாம் உடன்படோம். ஒவ்வொரு வளையத்துக்கும் நூறு முதியோரைக் கொண்டு ஐந்தாண்டு ஆய்வு நடத்தவேண்டுமென்றால் அவ்வளையத்தின் விலை எம் பாட்டனாரைப் போன்ற ஓய்வூதியக்காரர் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மிதக்கும் கட்டுப்பல்லோடே அவர் இருக்க நேரும். சிற்றுறுப்புக்கு ஒப்புமை வழி தக்கதே. ஒப்புமை உருவோடு நில்லாது மெய்யிலும் ஆக்கத்திலும் செல்லவேண்டும் என்பதே எம் கருத்து. உண்மையிற் பாட்டனார்க்கு நேர்ந்த பிழை சட்டத்தின் வாயிலில் நேர்ந்ததன்று. புதிய வளையம் தனக்குரிய குப்பியோடும் தலையோடும் சேர்ந்தால் நன்றாகவே பிடித்திருக்கலாம். ஒருவர் குப்பியில் மற்றொருவர் வளையத்தை இட்டது நாற்காலியருகே நேர்ந்த பிழை. தனித்தனியே உரிமம் பெற்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தபோது மூன்றாவது ஒரு பொருள் உண்டாகிறது. அம்மூன்றாவதை எவரும் சோதித்ததில்லை. அதற்கு உரிமமும் இல்லை.

எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்திற் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள. காட்டாங்குளத்தூரை அடுத்தும், செங்கற்பட்டுப் பக்கத்தும், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைப் பகுதியில் கேளம்பாக்கத்தை அடுத்தும் அவற்றைக் காணலாம். அத்தகைய கல்லூரி ஒன்றிற் பயிலும் நண்பரொருவர் எமக்குச் சில கூறினார். நோயாளி கேட்கத்தக்கது மிக எளிது என்றார். உறுப்பு வந்த உறையின்மேல் செய்தவர் பெயர், தொகுதி எண், உரிம எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்கியவர் பெயரும் எம்.டி.-15 என்னும் படிவத்தில் தரப்பட்ட உரிமத்தின் எண்ணும் இருக்கும். ஆணிக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, வளையத்துக்கு ஒன்று என அவ்வுறைச் சீட்டுக்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அவர் இணையைத் தேடிப் பொருத்துவார். தவறு நேர்ந்தால் முறையிடவும் இடமுண்டு. கருவிகளால் நேரும் தீங்குகளைத் தொகுத்து ஆராய 2015 சூலை 6இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூற் குழு அதன் நடுநிலையம். மருத்துவரேயன்றி நோயாளியும் எழுதலாம். யாம் பாட்டனார் சார்பாக எழுதத் தொடங்கிப் படிவத்தை நிரப்பும்போது, வளையத்தின் தொகுதி எண் யாது என்னும் கட்டம் வந்தது. சீட்டு எம்மிடம் இல்லை. மருத்துவமனையிற் கேட்டோம், அவர்களிடமும் இல்லை. அக்கட்டம் வெறிதாகவே சென்றது.

இப்போது பாட்டனாரிடம் சீட்டுக்கள் உள்ளன. புதிய ஆணித்தலையின் உறைச் சீட்டையும் வளையத்தின் உறைச் சீட்டையும் வெட்டியெடுத்துத் தம் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் எதிரிலும் மாற்றிய தேதியைத் தம் அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அடியில் இன்னும் நான்கு சீட்டுக்கு இடம் விட்டுக் கோடு கிழித்து வைத்திருக்கிறார். சென்ற ஞாயிறு அவர் வாசித்தபோது யாம் பின்வரிசையில் இருந்தோம். தகரங்கள் அனைத்தும் அங்கு வரை தெளிவாக வந்தன.